என்ஜினுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

கல்யாணமோ, காடு வாங்குவதோ, எதுவானாலும் எங்கள் வீட்டில் கருப்பசாமியிடம் பூக்கட்டிப் பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள். ஆனால் வண்டி என்ஜினுக்கு அவரிடம் யோசனை கேட்டவர்கள் உசிலம்பட்டியிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அப்பாவின் பழைய பிக்கப் வண்டி வெங்காய மூட்டைகளோடு நடுரோட்டில் புகை கக்கி நின்றுவிட்டது. மதுரைப் பட்டறைக்காரர் இரண்டு வழி சொன்னார். இருக்கிற என்ஜினையே போரிங் செய்து பிஸ்டன் மாற்றலாம். முன்போல மதுரை மார்க்கெட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். இல்லையென்றால், உடைப்புக்கு வந்த வண்டியிலிருந்து பெரிய டீசல் என்ஜினை எடுத்துப் பூட்டலாம். பிரேக்கிலிருந்து ஆர்.சி. புத்தகம் வரை மாற்ற வேண்டும், ஆனால் மலையேறிக் கேரளா வரை லோடு அடிக்கலாம்.

"பெருசு போட்டா ரோடுதான் மாப்ள உனக்கு வீடு. பொண்டாட்டி பிள்ளையப் பாக்க விருந்தாளியாத்தான் வருவ" என்றார் அவர்.

அப்பாவால் முடிவெடுக்க முடியவில்லை. ஆறு வாரம் வண்டி பட்டறையில் கிடந்தது, அப்பா கட்டிலில் கிடந்தார். எனக்குக் கொண்டாட்டம், தாயம் ஆடப் பகலெல்லாம் அப்பா கிடைத்தார். அம்மாவுக்குத்தான் நேரம் சரியில்லை. கதவு நிலையில் இடித்துக்கொண்டாள், குளியலறையில் வழுக்கி விழுந்தாள், ஒரு கண் வீங்கியே இருந்தது. பார்த்து நடக்கக் கூடாதா என்று நான் அவளைக் கடிந்துகொண்டதும் உண்டு. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியில் அம்மாதான், "சாமிகிட்ட விட்ருவோங்க. பிள்ளை எடுக்கட்டும்" என்றாள். வெள்ளைப் பூ வந்தால் பழைய என்ஜின், சிவப்பு வந்தால் பெரியது. அவளே வாழையிலைத் துண்டுகளில் பூவை மடித்து, நூல் சுற்றிக் கொண்டுவந்தாள். பூசாரி பொட்டலங்கள் இரண்டையும் குலுக்கிச் சாமியின் காலடியில் போட்டார். அப்பா தினமும் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல். வெள்ளை, வெள்ளை என்று முணுமுணுத்தபடி ஒன்றை எடுத்தேன். பிரித்தார்கள். செவ்வரளி.

"அம்புட்டுத்தான், சாமியே சொல்லிருச்சு" என்று அப்பா எழுந்தார். நான் என் கையை நானே அடித்துக்கொண்டு அழுதேன்.

"நீ என்னத்தா செஞ்ச? அழுகாத" என்று அம்மா அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் திருநீறு வாங்கிக்கொண்டிருந்தபோது மிச்சப் பொட்டலத்தைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். அந்த வெள்ளைப் பூவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. பிரித்தேன். அதிலும் செவ்வரளிதான்.

எனக்குப் பெரிய நிம்மதி. தப்பு என் கைமேல் இல்லை. பாவம், அம்மாவுக்கு அன்றைக்கு வெள்ளைப் பூ கிடைக்கவில்லை போல என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பூவைப் புதரில் எறிந்தேன்.

பெரிய என்ஜினோடு போன அப்பா வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு வரவேயில்லை. நான் வெகுநாள் அந்த வண்டிச் சத்தத்துக்காக வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அதற்கப்புறம் எந்தக் கதவிலும் இடித்துக்கொள்ளவில்லை.

நான் உட்கார்ந்திருந்த அதே வாசலில் ஒரு நந்தியாவட்டைச் செடி நின்றது. வருடம் முழுக்க வெள்ளையாய்ப் பூத்துக் கொட்டும். அன்று காலையிலும் அம்மா அதனடியில் உட்கார்ந்துதான் பொட்டலம் கட்டினாள்.