கோக்கோ கிளையோடு பெஹாலாவுக்கு

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோக்கோ இருக்கிறது. போன மழைக்குப் பிறகு சில கோக்கோ மரங்கள் வாடின. பட்டையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். மொத்தத்தையும் வெட்டிவிட என் கணவர் ஆள் பேசிவிட்டார். நான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். என் சித்தப்பா மகள் வித்யா கொல்கத்தாவில் மரவண்டுகளை ஆராய்கிறாள். ஓட்டைகளைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "போட்டோ பத்தாதுக்கா, வண்டைப் பாக்கணும்" என்றாள்.

முழங்கை நீளத்துக்கு ஒரு கிளையை வெட்டித் துணிப்பையில் போட்டு, சென்னையில் ரயில் ஏறினேன். ஹவுராவுக்கு இருபத்தேழு மணி நேரம். அங்கிருந்து வித்யா குடியிருக்கும் பெஹாலாவுக்கு டாக்ஸி முந்நூற்றைம்பது ரூபாய். "லக்டி கியோ, தீதி?" என்று கேட்டார் டிரைவர். விறகை எதற்கு இவ்வளவு தூரம் சுமக்கிறேன் என்று அவருக்குச் சிரிப்பு.

வித்யா சிரிக்கவில்லை. பையைத் திறந்து கிளையைப் பார்த்தாள். ஓட்டைகளிலிருந்து புது மரத்தூள் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா! இது லைவ்! உயிரோடயா கொண்டு வந்தே? வெளிய போச்சுன்னா இங்க இருக்கற மரத்தையும் துளைக்குமே!"

பையை உதறினோம். எள்ளளவில் இரண்டு கரிய வண்டுகள் விழுந்தன.  பை, கிளை, வண்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, வண்டுகள் சாகட்டும் என்று ஃபிரீசரில் வைத்தாள் வித்யா.

இரண்டு நாள் கழித்துக் கிளையைப் பிளந்தாள். ஒரே வண்டு என்று நினைத்திருந்தேன். லென்ஸில் ஐந்து வகை தெரிந்தன! ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்றுக்கு முதுகெல்லாம் மயிர். நாலு வகை, மரம் வாடிய வாசனைக்கு வந்தவை என்றாள் வித்யா. பச்சை மரத்தைத் துளைப்பது ஒன்றுதான். அதுவும் மரத்தைத் தின்பதில்லை. கூடவே கொண்டுவரும் பூசணத்தைச் சுரங்கத்துக்குள் வளர்த்து, அதைத் தின்கிறது. மரத்தைக் கொல்வது அந்தப் பூசணம். 

உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். "ஏனுங்க, ஆளை வர வேண்டாம்னு சொல்லிருங்க."

"அப்ப அப்படியே விட்டர்றதா?"

"வாடுனத மட்டும் வெட்டி அங்கயே எரிச்சுருங்க. வண்டும் பூசணமும் அதுலதான் இருக்குதுன்னு வித்யா சொல்றா. மத்தது நிக்கட்டும்."

வாடிய மரங்கள் போயின. அதன்பின் இரண்டு மரங்கள் பட்டுப்போயின. மற்றவை இப்போது காய்த்திருக்கின்றன.

இதுபோல் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மரத்துண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். வண்டை ஸ்பிரிட் உள்ள சின்னக் குப்பியில் போட்டு, மூடி இறுக்கிக் கொண்டுபோங்கள். என் பையில் கிடைத்தவை இரண்டு. வழியில் எத்தனை இறங்கின, எந்த ஊரில் இறங்கின என்று வித்யாவுக்கும் தெரியவில்லை.