கொல்லைக் குளங்களில் மீன் விட்ட காலம்

கொல்லைக் குளத்துக்கு மீன் விற்பவரிடம் ஆட்கள் இரண்டு முறை வருவார்கள்: மீன் வாங்க ஒரு தடவை, செத்த மீனை எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை. எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் கணவர் ராஜேந்திரனும் காரைக்காலில் வண்ண மீன் கடை வைத்திருந்தோம். கொல்லையில் சிமெண்டுக் குளம் கட்டி மீன் விடும் ஆசை அப்போது ஊரில் பலருக்கும் வந்திருந்தது. மீன் வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாங்கள் பட்ட பாட்டில் பாதியை நீங்களும் பட்டிருப்பீர்கள்.

புதுக் குளம்

அந்தோணிசாமி ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பாரிஸிலிருந்து மகள் லீவுக்கு வருகிறாள், அதற்குள் குளத்தில் மீன் ஓட வேண்டும் என்றார். புது சிமெண்டின் காரம் மீனுக்கு ஆகாது, வாழைத்தண்டை வெட்டிப் போட்டுத் தண்ணீரை ஊறவிட்டு, நாலைந்து தரம் மாற்றின பிறகுதான் விடலாம் என்று சொன்னோம். அவர் கேட்கவில்லை. வேறெங்கோ வாங்கி விட்ட தங்கமீன்கள் மறுநாளே மிதந்தன.

அதன் பிறகு என் கணவரே போய்க் குளத்தை ஊறப்போட்டார். மகள் வந்ததும் போனதும் அந்த நாட்களில்தான். அவள் போன பிறகு விட்ட மீன்கள் நன்றாகப் பிழைத்தன. அவை மேலே வந்து பொரி தின்பதைப் பார்த்துக்கொண்டே ஐயா சொன்னார்: "மகளுக்கு வாழைத்தண்டைத்தான் காட்டி அனுப்பினேன், அடுத்த லீவு வரைக்கும் இதுங்களைக் காப்பாத்திக் கொடுத்துடுங்கம்மா."

நிற்காத தவளைகள்

சுரக்குடியில் கமலா டீச்சர் தவளை கேட்டார். கொசுவைத் தின்னுமாம், வகுப்பில் அவரே பாடம் நடத்தியிருக்கிறார். என் கணவர் வயலில் பிடித்து வந்து சாயங்காலம் விட்டார். காலையில் ஒன்றுகூட இல்லை. மறுபடி விட்டோம், அவையும் வயலுக்கே போய்விட்டன. வளர்ந்த தவளை பழகின இடத்தை விடாது என்று அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது.

அதனால் கரையோரம் ஏறி இறங்கச் சரிவாகக் கல் அடுக்கி, குளத்தை மூடியிருந்த ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டு அல்லிக்கிழங்கு ஊன்றி, வாய்க்காலில் அள்ளிய தலைப்பிரட்டைகளை விட்டோம். அவற்றுக்குக் கால் முளைத்தது, வாலும் போனது. ஐப்பசி மழைக்குக் குளமே கத்தியது. டீச்சரின் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: "கூப்பிட்டப்ப வரலை, இப்ப தூங்க விடலை, ஆனா ஒண்ணையும் பிடிச்சிட்டுப் போயிடாதீங்க."

காணாமல் போன கப்பிகள்

அதே குளத்தில் நாங்கள் விட்ட, கொசுப்புழு தின்னும் சின்னக் கப்பி மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. நோஞ்சான் மீனை விற்றுவிட்டோம் என்று டீச்சருக்கு வருத்தம். எங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாள் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தோம். அல்லி இலைக்கடியிலிருந்து முழங்கை நீள விரால் ஒன்று மேலே வந்து, காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போனது.

டீச்சரின் கணவர் விவசாயி. வயலில் அகப்பட்டதைக் குழம்புக்கு ஆகட்டும் என்று கொண்டுவந்து குளத்தில் விட்டிருக்கிறார். அன்றே அது குழம்பாயிற்று. மனைவி முறைத்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "சும்மா கிடக்கட்டுமேன்னுதான் விட்டேன், அது சும்மா கிடக்கலை."

பாய் வீட்டுக் குளம்

திருமலைராயன்பட்டினத்தில் மைதீன் பாயின் மனைவிக்கு முடக்குவாதம். கட்டிலை விட்டு இறங்க முடியாது. அவர் படுத்தபடியே பார்க்கட்டும் என்று ஜன்னலுக்கு நேராகக் குளம் வெட்டியிருந்தார் பாய். கப்பியும் தங்கமீனும் நாங்கள் விட்டவை. பக்கத்து வீட்டு ராமையன் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. குளத்துக் கொசுதான் காரணம், மூட வேண்டும் என்று அவர் புகார் கொடுத்துவிட்டார்.

சுகாதார ஊழியர் வந்த அன்று பாய் எங்களையும் வரச் சொல்லியிருந்தார். ஜன்னலுக்குள்ளிருந்து அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊழியர் கரண்டியால் மூலைக்கு மூலை மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தார். ஒரு கொசுப்புழுகூட இல்லை, எல்லாம் கப்பியின் வயிற்றுக்குள் போயிருந்தன. பிறகு ராமையன் வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் மொண்டார். கிண்ணம் முழுக்கப் புழு நெளிந்தது. குளம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ராமையன் ஒரு தூக்குவாளியோடு எங்கள் கடைக்கு வந்து நின்றார்: "எங்க தொட்டிக்கும் கொஞ்சம் மீன் கொடுங்க, பாய் வீட்ல விட்ட அதே சாதியா பார்த்துக் கொடுங்க."

அந்தக் கடையில் நாங்கள் விற்றதில் பாதி மீன், மீதி 'இன்னும் கொஞ்சம் பொறுங்க' என்ற பேச்சு, அதற்கு மட்டும் விலை போட எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.