மாமிக்குத் தெரிந்திருந்தது

கலியாணமாகி எட்டாம் மாதம் என் கணவர் கனடாவுக்குப் போனார். என்னைக் கூப்பிட ஒரு வருஷம் பிடிக்கும், அதுவரை என் அம்மாவைப் பார்த்துக்கொள் என்றார். அந்த ஒரு வருஷம் நீண்டுகொண்டே போனது. இடையில் மாமிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பள்ளிக்கூட வேலையை விட்டேன். வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் இரண்டாம் மாடியில், நானும் மாமியும் தனியே இருந்தோம்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். நமக்காகத் தம்மையே கொடுத்த கர்த்தரைக் கும்பிடுகிறவள் இதையாவது செய்ய வேண்டாமா என்றிருந்தது. கஞ்சி குடிக்கும்போது மாமி என் கையைப் பிடித்து, "நீ என்ர மகள்" என்பார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவள் நான். அந்தச் சொல்லை முழுதாக நம்பினேன்.

ஞாயிறுகளில் மாமியைச் சக்கர நாற்காலியில் வைத்து, லிப்டில் இறக்கி, சபைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். சாட்சி சொல்லும் நேரம் எழும்பி, "கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கிறன்" என்பேன். சபையார் ஆமென் என்பார்கள். பக்கத்திலிருந்து மாமியும் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை காலை மீன் வாங்கச் சந்தைக்குப் போனவள், மழை இருட்டிக்கொண்டு வரவே பாதி வழியில் திரும்பிவிட்டேன். கதவைத் திறக்க, உள்ளே மாமி சிரித்துக் கதைப்பது கேட்டது.

"எங்க, அப்பம்மாவுக்கு அந்தப் பாட்டை இன்னொருக்காப் படிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

ஒரு சின்னப் பெண்பிள்ளை ஆங்கிலத்தில் பாடத் தொடங்கியது. அப்பம்மா என்றால் தகப்பனின் தாய். மாமிக்கோ என் கணவர் ஒரே பிள்ளை.

என்னைக் கண்டதும் மாமி போனைக் கவிழ்க்கப் பார்த்தார். இடக்கைக்கு அது வசப்படவில்லை. நழுவித் தரையில் விழுந்தது. அங்கே கிடந்தபடி "அப்பம்மா? அப்பம்மா?" என்றது குரல். குனிந்து எடுத்தேன். திரையில் தெரிந்த பிள்ளைக்கு மூன்று வயதிருக்கும். நெற்றியும் புருவமும் அப்படியே அவருடையவை.

"அப்பம்மா பிறகு எடுப்பா, செல்லம்" என்று சொல்லி போனை நிறுத்தினேன். குழந்தையிடம் வேறென்ன சொல்ல?

"எப்ப இருந்து தெரியும் மாமி?"

"பிள்ளை பிறந்தாப் பிறகுதான் சொன்னவன்."

"என்னட்ட ஏன் சொல்லேல்ல?"

மாமி சுவரைப் பார்த்தார். "சொன்னா நீ போயிடுவாய். பிறகு என்னை ஆர் பாக்கிறது?"

கணவர் செய்ததைவிட இதுதான் என்னை வெட்டியது. அவர் எங்கேயோ தூரத்தில் இருந்து ஏமாற்றினார். இவருக்கோ நான் நகம் வெட்டிவிட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்து மாமி சொன்ன ஆமென்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

கணவருக்குப் போன் எடுத்தேன். "உனக்குச் சொல்லத்தான் இருந்தனான்" என்று தொடங்கினார். மிச்சத்தை நான் கேட்கவில்லை. போதகரிடம் போனேன். "பொறுமையா இருங்கோ தங்கச்சி, ஜெபிப்பம்" என்றார். பொறுமையை எல்லாரும் என்னிடமே கேட்டார்கள். கணவருக்கு போன் எடுத்து ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமியைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். "இனி அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காதை" என்றாள் அக்கா. வேதத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. சாப்பிட்டேன், படுத்தேன், அக்காவின் துணிகளை மடித்தேன்.

சில கிழமை கழித்து, கீழ் மாடியில் இருக்கும் முஸ்லிம் அம்மா அழைத்தார். "மகள், ஒங்களுக்கு கோவம் ஈக்கும். ஆனா நீங்க வெச்ச ஆள் சரியா பாக்கல்ல, மனுசிக்கி முதுகுல புண்ணு வந்தீக்கி. பாக்க ஏலா."

அக்கா வாசலை மறித்தாள். "உனக்கென்ன விசரா?"

"ஓம், விசர்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மன்னித்துவிட்டுப் போகவில்லை. பஸ்ஸில் இருந்து சொன்ன ஜெபம் இன்னும் நினைவிருக்கிறது. ஆண்டவரே, அவவில எனக்கு அன்பில்லை. கை மட்டும்தான் இருக்கு. அதை எடுத்துக்கொள்ளும்.

மாமியைக் கொண்டுபோன களுபோவில ஆஸ்பத்திரியில் ஒரு தாதி புண்ணைக் கழுவிக் கட்டும் விதத்தைக் காட்டித் தந்தாள். காலையும் மாலையும் கழுவினேன். ஒருநாள் மாமி தலையணையில் முகத்தை வைத்தபடி கேட்டார்.

"என்னை மன்னிச்சிட்டியா பிள்ளை?"

"இல்லை மாமி. மற்றப் பக்கம் திரும்புங்கோ."

மாமியின் தோள் குலுங்கியது. என் கண்ணும் நிறைந்தது. ஆனால் கை தன் வேலையைச் செய்தது. நல்ல துணியை வைத்து இறுக்காமல் கட்டிவிட்டேன்.

புண் ஆற நெடுநாள் எடுத்தது. அதன்பிறகு மாமி அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். ஒரு மத்தியானம், சோறு குழைத்துக்கொண்டு வந்தபோது மூச்சு அடங்கியிருந்தது. கணவர் அடக்கத்துக்கு வரவில்லை. யாரோ பிடித்திருந்த போனில் பார்த்தாராம். பின்னர் புதுக்கடை நீதிமன்றத்தில் விவாகரத்தும் முடிந்தது. நான் திரும்பவும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன்.

சபைக்கும் போகிறேன். சாட்சி சொல்ல மட்டும் எழும்புவதில்லை. மாமியை இப்போதாவது மன்னித்தாயா என்று அக்கா சில சமயம் கேட்பாள். சில நாள் ஓம் என்கிறேன். சில நாள் பேச்சை மாற்றிவிடுகிறேன். கர்த்தர் என்னைக் கைவிடவில்லை என்று நம்புகிறேன். முன்பு அந்த நம்பிக்கை கேட்காமலே வந்தது. இப்போது ஒவ்வொரு காலையும் உட்கார்ந்து, அது வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.