திராட்சை கறுக்கும்போது கிரஷரை நிறுத்திய அண்ணன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசியும் பழக்கமில்லை. அண்ணனைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அவர் பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது வருசநாட்டுப் பக்கம். மழை இல்லாமல் போனதால் அப்பா எங்களை அனுமந்தன்பட்டிக்குக் கூட்டிவந்தார். அங்கே கல் உடைக்கப் போன அண்ணன், பிறகு சொந்தமாகச் சின்னக் குவாரி எடுத்தார். ஜல்லி அரைக்கக் கிரஷர் போட்டார். ஆற்று மணல் கிடைக்காதபோது கல்லை அரைத்துக் கழுவி எம்.சாண்ட் செய்தார். என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் அண்ணனோடு வந்துவிட்டேன். ஆட்களுக்குச் சோறாக்குவது என் வேலை.

கிரஷருக்கு அடுத்தது திராட்சைத் தோட்டம். ஒரு அறுப்புச் சமயம் குலையெல்லாம் கல்தூசி படிந்துவிட்டது. தோட்டக்காரர் வெளியூர் போயிருந்தார். அவர் வருவதற்குள் சரிசெய்யலாம் என்று அண்ணன், நல்ல எண்ணத்தில்தான், தண்ணீர் லாரியை அனுப்பிப் பந்தல் முழுக்கப் பீய்ச்சி அடிக்கச் சொன்னார். பழத்தின் மேலிருக்கும் வெண்பூச்சு போய், வெடித்தும் விட்டது. வியாபாரி தொடவில்லை.

தோட்டக்காரர் வந்து நின்றார். "ஏப்பா, மணலக் கழுவுற மாதிரி பழத்தையும் கழுவிட்டியாக்கும். அடுத்து சலிச்சு லாரியில ஏத்துவியோ?"

"தப்புத்தான் மாமா. பழம் பூராம் நானே எடுத்துக்கிறேன்."

"இந்த வாட்டி எடுத்துக்கிருவ. அடுத்த வாட்டி தூசி வராதா?"

கிரஷரை நிறுத்தினால் வருசநாட்டிலிருந்து வந்த ஆட்கள் கூலியில்லாமல் வேறிடம் போய்விடுவார்கள். நிறுத்தாவிட்டால் மாமா தோட்டத்தையே அழிக்க வேண்டியதுதான். அண்ணன் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். "ஏத்தா, ரெண்டு பக்கமும் வயிறுதான இருக்கு" என்றார் என்னிடம்.

அப்புறம்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் செட் போட்டு ஹாலோ பிளாக் செய்யத் தொடங்கினார். காய் கறுக்க ஆரம்பித்தால் கிரஷர் நிற்கும். ஆட்கள் செட்டுக்குப் போவார்கள். அது பெருகித்தான் கிரானைட் பாலிஷ், தரைக்கல் எல்லாம் வந்தது. அண்ணன் ஆசைப்பட்டுத் தொழிலை விரித்தார் என்பார்கள். ஆட்களை விடாமல் வைத்துக்கொள்ள வழி தேடினார் என்பதே எனக்குத் தெரியும்.

கடைசியில் மூச்சு முட்டித் தேனி ஆஸ்பத்திரியில் இருந்தார். மூத்த மகன், "ஆர்டர் நெறைய நிக்குதுப்பா. இந்த வாட்டி மட்டும் நிறுத்தாம ஓட்டிக்கிருவமா?" என்று கேட்டான். அண்ணனுக்குப் பேச்சு நின்றிருந்தது. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

கூடவே இருந்து பார்த்த நர்சம்மாக்களுக்கும், பாடை தூக்கிய குவாரி ஆட்களுக்கும், தள்ளாத வயதிலும் மயானம் வரை நடந்து வந்த தோட்டத்து மாமாவுக்கும், வந்திருந்து ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருமாதி முடிந்த மறுவாரம் தோட்டத்தில் காய் கறுக்கத் தொடங்கியது. கிரஷர் நிற்குமா என்று கேட்கவும் தெரியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல், காலையில் சோற்றுப் பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மூத்தவன் வந்தான்.

"கிரஷருக்கு வேணாம் அத்த. செட்டுக்கு அனுப்புங்க. எல்லாரும் அங்கனதான் இருக்காக."