கணக்குப் பாடத்துக்குப் போட்ட சிலுவார்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். அவசரகாலம் என்றார்கள் பெரியவர்கள். வெள்ளைக்கார அரசை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குத் தோட்டத்திலிருந்து அரிசியோ உப்போ போய்விடக் கூடாது. அதற்காக வேலி, வேலிக்கு மேலும் கீழுமாக இரண்டு கேட்டு, கேட்டில் மாத்தாமாத்தா. போலீஸ்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே, தேயிலை ஆலைக்குக் கீழே இருந்தது. அதனால் தினமும் காலையில் சோதனைக்கு நின்றுவிட்டுத்தான் படிக்கப் போக முடியும்.

பையன்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. காக்கி அரைக்கால் சட்டையின் இரண்டு பைகளையும் தட்டிப் பார்த்துவிட்டு, "போ, போ" என்று விட்டுவிடுவார்கள். என் அண்ணன் நடையைக்கூட நிறுத்தமாட்டான்.

நாங்கள் அப்படிப் போக முடியாது. பெண் பிள்ளைகள் கணுக்கால் வரை பாவாடை கட்டித்தான் வர வேண்டும் என்பது எங்கள் பெரிய வாத்தியார் வைத்திருந்த சட்டம். பாவாடையை ஆண்கள் சோதிக்கக் கூடாது என்பது கேட்டில் இருந்த சட்டம். யாரோ ஒரு பெண் சேலைக் கரையை மடித்துத் தைத்து அதற்குள் அரிசி கொண்டுபோனது பிடிபட்டதிலிருந்து, நீளமான துணி எதுவானாலும் அடி மடிப்பு முழுக்கக் கையால் தடவிப் பார்த்த பிறகே விடுவார்கள். அதைச் செய்ய ஒரே ஒரு மலாய்க்கார அக்காதான் இருந்தார். இரண்டு கேட்டுக்கும் அவர் ஒருவர். மேல் கேட்டில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களை முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார். அதுவரை பனியில், ஈரப் புல்லில், பாவாடையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதல் பாடம் முடியப்போகும். முதல் பாடம் கணக்கு. தாமதமாக வந்தவர்கள் அது முடியும்வரை தாழ்வாரத்தில் நிற்க வேண்டும்.

பெரிய வாத்தியார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊரிலிருந்து கப்பலேறி வந்து, அந்தக் குளிரில் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஐந்து வகுப்புக்கும் ஒருவராகப் பாடம் நடத்தினார். காய்ச்சலில் படுத்த பிள்ளைகளை வீடு தேடி வந்து பார்ப்பார். ஆனால் அந்த வருடம் அரைப் பரீட்சை மதிப்பெண்களைப் படித்தபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. கணக்கில் பையன்கள் எல்லாரும் தேறியிருந்தார்கள். பெண்களில் ஒருத்தியும் இல்லை. அவர் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்:

"பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது. போகட்டும், தமிழாவது நன்றாகப் படியுங்கள்."

எனக்குக் கணக்கு பிடிக்கும். வீட்டில் அண்ணன் செய்த கணக்குகளை எல்லாம் அவனுக்கு முன்னால் சொல்லிவிடுவேன். அன்றைக்கு மாலை அண்ணனின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதையும் போட்டு முடித்தேன். அழுகை வரவில்லை.

மறுவாரம் ஒரு காலையில், அண்ணனுக்குச் சிறிதாகிப்போன முழுக்கால் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன்; எங்கள் பேச்சில் அது சிலுவார். இடுப்பில் நிற்கவில்லை. சணல் கயிற்றால் கட்டினேன். கேட்டில் பையன்கள் வரிசையில் போய் நின்று, யாரும் கேட்பதற்கு முன்பே இரண்டு பைகளையும் வெளியே இழுத்து, கால் மடிப்பையும் பிரித்துக் காட்டினேன். காவலுக்கு நின்ற மாத்தாமாத்தா சிரித்துவிட்டார். "போ, போ!" என்றார்.

மணி அடிப்பதற்கு முன் நான் வகுப்பில் உட்கார்ந்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. பெரிய வாத்தியார் கரும்பலகையில் கணக்கு எழுதினார். காய்கறி விளையும் திரிங்காப்பிலிருந்து ஒன்பது லாரி வருகிறது, ஒவ்வொரு லாரியிலும் நாற்பத்தெட்டுக் கூடை கோஸ், பன்னிரண்டு கடைக்குச் சமமாகப் பிரித்தால் கடைக்கு எத்தனை கூடை? நான் சிலேட்டில் முப்பத்தாறு என்று எழுதிக் கையைத் தூக்கினேன். திரும்பியவர் என் சிலேட்டைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

"எழுந்திரு. இது என்ன வேஷம்?"

"கணக்குப் பாடத்துக்கு வந்தேன் சார்."

"பெண் பிள்ளையாக உடுத்திக்கொண்டு வா. இப்போது வீட்டுக்குப் போ."

வீட்டில் யாரும் இல்லை. அம்மா வேலை செய்த மலைக்கு ஏறினேன். அப்பாவின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகி, இடுப்பில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு அம்மா தேயிலை நிரையில் நின்றிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"கணக்கு சரியாப் போட்டியா?" என்றாள்.

"முப்பத்தாறும்மா. சரிதான்."

"சரி, நில்லு. கொழுந்து நிறுவை முடியட்டும், வரேன்."

நிறுவை முடிந்ததும் கங்காணியிடம் சொல்லிவிட்டு, உடையைக்கூட மாற்றாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாசலில் நின்று, கூடையை இறக்கி வைத்தாள்.

"ஐயா, எம்மவ செஞ்சது தப்புன்னா மன்னிச்சிருங்க. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. நான் இப்ப ஆம்பள சட்டைதான் போட்டிருக்கேன். மலையில எல்லாப் பொம்பளையும் அப்படித்தான். தொரை ஒண்ணும் சொல்லல, கணக்கெழுதுற கிராணியும் ஒண்ணும் சொல்லல."

"மலை வேறம்மா, பள்ளிக்கூடம் வேற. இங்கே ஓர் ஒழுங்கு வேண்டாமா?"

"ஒழுங்கு வேணும்தான் ஐயா. ஆனா பையனுங்க நேரத்துக்கு வந்துர்றானுங்க, இதுங்க வர முடியல. அந்தப் பாவாடைதான் இதுங்களக் கேட்டுல பிடிச்சி நிறுத்துது. நாளைக்கு ஒரு நாள் நீங்களே வந்து நின்னு பாருங்க."

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் கேட்டுக்கு வரவும் இல்லை.

அம்மா என்னை மறுபடியும் சிலுவாரோடுதான் அனுப்பினாள். உள்ளே விட மாட்டார் என்று தெரிந்ததால் நானே தாழ்வாரத்தில், சன்னலுக்கு அடியில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டேன். அதற்கடுத்த நாள் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தியும் சிலுவாரில் வந்தாள். வாரம் முடிவதற்குள் நாலு பேர் ஆகிவிட்டோம். உள்ளிருந்து அவர் எங்களைப் பார்ப்பார். விரட்டவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் குரல் கொஞ்சம் உரக்கக் கேட்டதாக எனக்குத் தோன்றியது.

ஒரு மழைக் காலையில் குடையோடு கேட்டுக்கு வந்தார். ஓரமாக நின்றார். என்ன செய்கிறார் என்று பார்க்க, சிலுவார் போட்ட நாங்கள் நாலு பேரும் சோதனை முடிந்தும் கேட்டுக்கு வெளியே நின்றோம். பையன்கள் போனார்கள். பாவாடை கட்டிய பெண்கள் நின்றார்கள். கடைசியில் சோதனைக்கார அக்கா மேல் கேட்டிலிருந்து ஓடி வந்தார். முதல் வகுப்புச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் சேற்றில் மண்டியிட்டு, நனைந்த பாவாடை மடிப்பை விரல் விரலாகத் தடவினார். அந்தப் பிள்ளை குளிரில் நடுங்கி அழுதது. காலில் இரண்டு அட்டைகள் ஊர்ந்தன. அக்கா அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிமிர்ந்தார். வாத்தியாரைப் பார்த்து மலாயில் ஏதோ கோபமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: 'இந்தக் குளிரில் இவ்வளவு நீளத் துணி எதற்கு, ஆசிரியரே? எனக்கும் இரண்டு கைதானே இருக்கிறது.'

கடைசிப் பெண் வெளியே வரும்வரை அவர் நின்றார். பிறகு அந்தச் சின்னப் பிள்ளையைக் குடைக்குள் சேர்த்துக்கொண்டு எங்களோடு நடந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பையன்கள் அவர் இல்லாமலே மனக்கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை இரண்டு மாற்றங்களைச் சொன்னார். கணக்குப் பாடம் இனி இடைவேளைக்குப் பிறகு. பெண்கள் சிலுவார் போட்டு வரலாம், ஆனால் வந்ததும் பின்னறையில் பாவாடைக்கு மாறிவிட வேண்டும். துணி மாட்டப் பின்னறைச் சுவரில் அவரே ஆணிகள் அடித்தார். சில வாரம் அப்படி நடந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது, துவைத்த பாவாடைகள் காயவில்லை. ஒரு நாள் மாறாமலே வந்து உட்கார்ந்தோம். அவர் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் மாறவில்லை.

ஆண்டுக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் நான் மூன்றாவதாக வந்தேன். முதலில் வந்தவள் பக்கத்து லயத்துப் பெண். மதிப்பெண்களைப் படித்தவர் எதுவும் சொல்லாமல் நோட்டை மூடினார். நான் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை என்ற வருத்தம் எனக்கு வெகுநாள் இருந்தது.

அடுத்த வருடக் கடைசியில் அவராகவே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இவளைத் தானா ராத்தா டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேருங்கள். கடிதம் நான் தருகிறேன்."

அம்மா அவருக்கு முக்காலியை நகர்த்திப் போட்டாள். "அங்க என்னா உடுப்பு ஐயா?"

"முழங்கால் வரைக்கும் கவுன்."

"இந்தக் குளுருலயா? சிலுவார் போட விடுவாங்களா?"

அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "என்னிடம் வந்து கேட்ட மாதிரி அங்கேயும் போய்க் கேளுங்களம்மா."

அம்மா போய்க் கேட்டாள். முடியாது என்றார்கள். வேண்டுமானால் நீளமான கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அதை முழங்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டு, தை மாதத்துப் பனியில் நான் பஸ் ஏறினேன்.