செப அறையில் குடித்தனம்

திண்டுக்கல்லில் நாங்கள் இருந்த வீடு ஒரு காலத்தில் சுருட்டு வியாபாரி ஒருவர் கட்டிய பங்களா. என் காலத்தில் கூடத்தையும் வண்டிக் கொட்டகையையும் தட்டி வைத்து மறைத்துப் பல குடித்தனம் ஆக்கியிருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது அந்தக் குடும்பத்தார் செபம் சொன்ன அறை. கூரையில் நீலம் பூசி நட்சத்திரம் வரைந்திருக்கும். சுவர் மாடத்தில் முழ உயர மாதா சுரூபம். அதனால்தான் வாடகை குறைவு. சுரூபத்தைத் தொடக்கூடாது. மாதா திருநாளன்று மாலை அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா சொந்தக்காரர்களோடு வந்து செபமாலை சொல்லுவார்.

நான் ஆறாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன். வடமதுரையில் கிணறு வெட்டினேன், செம்பட்டியில் மூட்டை தூக்கினேன். அங்கே ஒழுகுகிற கொட்டகையில் எங்கள் முதல் பிள்ளை பிறந்து இறந்தது. அந்தத் திருநாள் சமயம் மனைவிக்கு எட்டாம் மாதம். "இந்தப் பிள்ள பெறக்குற மட்டும் இந்தக் கூரைய விட்டு அசையமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

திருநாளன்று பாய், பானை, அடுப்பு எல்லாவற்றையும் நடையில் சேர்த்துவிட்டுக் குளிக்கப் போனேன். ஈரத்துண்டோடு திரும்பியபோது வீட்டுக்காரம்மாவும் சொந்தக்காரர்களும் வந்துவிட்டிருந்தார்கள். யாரும் முழங்காலிடவில்லை. மாதாவின் கன்னத்தில் சந்தனம். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

"யாரு பாத்த வேலை?" என்றார் வீட்டுக்காரம்மாவின் அண்ணன்.

"நாந்தாண்ணே," என்றாள் என் மனைவி. "நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட நிக்கிறாளேன்னு..."

"ஏம்மா, இது என்ன ஒங்க ஊரு மாரியாத்தாவா?"

"எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதாண்ணே. பிள்ளய நல்லபடியாக் குடுன்னு இவகிட்டதான் தெனமும் கேக்குறேன்."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "பொட்டு வச்சாலும் லச்சணமாத்தான் இருக்கா" என்றாள். முந்தானைக்குள் சிரிப்பு. வீட்டுக்காரம்மா சேலை நுனியை நனைத்துத் துடைத்தார். குங்குமத்தோடு பழைய வர்ணமும் வந்து, நெற்றியில் சுண்ணாம்பு தெரிந்தது. துடைப்பதை நிறுத்திவிட்டார்.

நான் வாசற்படியில் துண்டைப் பிழிந்துகொண்டே நின்றேன். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

"நாளைக்கே காலி பண்ணச் சொல்லு," என்றார் அண்ணன் தங்கையிடம்.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா அவள் வயிற்றைப் பார்த்தார். "பிள்ளத்தாச்சிய எங்கண்ணே போகச் சொல்ல? மாதாவ மாடிக்குக் கொண்டுபோயிருவோம்."

செபமாலை முடிகிறவரை என் மனைவி மூலையில் கைகூப்பி நின்றாள். அப்புறம் அண்ணன் சுரூபத்தை இடுக்கிக்கொண்டு படியேறினார். "படி வழுக்கும்ணே, பாத்து" என்று இவள் பின்னாலேயே போனாள்.

போனது நாங்கள் இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. அவள் திரும்பி வந்து, வெறும் மாடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதாள். நான் நடையில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து வைத்தேன்.