குளம் வெட்டிய குற்றம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்குப் புது ஷெட் கட்டும் வேலையில் நான் சைட் இன்ஜினீயர். கூரையில் விழும் மழைத்தண்ணீர் வெளியே ஓடி அடுத்தவர் வயலை நாசமாக்கக் கூடாது, உள்ளேயே ஒரு குளம் வெட்டித் தேக்கினால்தான் அனுமதி என்றார்கள், கட்டட அனுமதி தரும் ஆபீஸில். நியாயமான விதிதான். வெட்டினோம். ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. நாலு கொக்குகள் வேறு வந்து நின்றன.

வேலை முடிந்ததும் பார்வையிட அதே ஆபீஸிலிருந்து வேறொரு அதிகாரி வந்தார். குடையைப் பிடித்தபடி வெகுநேரம் கொக்குகளையே பார்த்தார். பிறகு எழுதினார்: 'மனையில் நீர்நிலை உள்ளது. நீர்நிலையை ஒட்டிக் கட்டடம் கூடாது.'

"சார், இது உங்க ஆபீஸ் வெட்டச் சொன்ன குளம்."

"நான் சொல்லல. அது வேற செக்‌ஷன்."

வரைபடத்தைக் காட்டினேன். அதில் குளத்துக்கு நீல வண்ணம் அடித்திருந்தது. அதையே ஆதாரமாக வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். இங்கே நீர்நிலை இல்லை என்று தாலுகா ஆபீஸில் சான்று வாங்கி வரச் சொன்னார். அங்கே போனால், கண்ணெதிரே இருக்கிற குளத்தை இல்லையென்று எப்படி எழுதுவது என்று கேட்டார்கள்.

வந்த ஆத்திரத்தில் குளத்தை மூடிவிட ஜேசிபியைக் கூப்பிட்டேன். ஊத்துக்கோட்டைப் பக்கத்து டிரைவர், வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், மறுபடியுமா? இந்த எடத்துல இருந்த ஏரிய மூடுனதும் இதே வண்டிதான். பட்டப்பகல்ல ஒரு மாசம் மண்ணு கொட்டிக்கினு இருந்தேன். இது நீர்நிலைன்னு எழுத ஒருத்தரும் வரல."